ஐந்தாவது கை

கண்ணுகளா, நெருங்கி உட்காருங்கள்; ஒரு கையின் கதை சொல்கிறேன்.

ஊரே தொற்றுநோய்க்குப் பயந்து கதவடைத்திருந்தது. நகர மன்றக் கூட்டமும் செல்போன் வீடியோவில்தான். குரல் விட்டுவிட்டுக் கேட்டதால், கை தூக்கினால்தான் ஓட்டு என்று விதி.

எழுத்தரம்மா திரையில் கைகளை எண்ணினார். பிணம் எடுக்க ஊரில் இருப்பது ஒரே வண்டி. அவர் பக்கத்து வீட்டிலேயே இரண்டு நாளாகப் பிணத்தோடு காத்திருக்கிறார்கள். இரண்டாவது வண்டி வாங்க ஒன்பது பேரில் ஐந்து கை வேண்டும். நான்கு உயர்ந்தன, நான்கு உயரவில்லை.

மிச்சம் ‘முட்டுக்கட்டை’ உறுப்பினர். “வண்டிக்கு மேல வண்டி எதுக்கு?” என்று மூன்று கூட்டமாகத் தடுத்தவர்.

“ஐயா, உங்க முடிவு?”

அவர் மனைவிதான் பேசினார். “அவரால பேச முடியலம்மா. கை போதுமா?”

“போதும்க்கா.”

போர்வைக்கு வெளியே, கடிகாரம் கட்டிய அவர் கை மெல்ல உயர்ந்தது.

“அடேயப்பா, முட்டுக்கட்டையே நகர்ந்துடுச்சே!” என்று தலைவர் சிரித்தார். “தீர்மானம் நிறைவேறியது. வண்டி தயாரா நிக்குது, இன்னைக்கே ஓடும்.”

எழுத்தரம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “ஐயாவுக்கு நன்றி சொல்லுங்கக்கா.”

உயர்ந்த கை தொப்பென்று விழுந்தது. அதைத் தாங்கியிருந்த இன்னொரு கை திரையில் தெரிந்தது.

“வண்டியை முதல்ல இங்க அனுப்பும்மா. காலைலயே போயிட்டாரு. இருக்கற வண்டி நாளன்னைக்குத்தான் வருமாம்.”

கண்ணுகளா, உங்கள் வீட்டு வாசலில் நல்ல சேதி கொண்டுவரும் வண்டிகளே வந்து நிற்கட்டும்.