குளியலறை வாசலில்

குட்மேய்ஸ் என்ற புறநகரில் ஒரு வீட்டின் மாடியில், பூட்டிய குளியலறைக் கதவுக்கு வெளியே, மனநல அவசரக் குழுவின் தாதி தனுஷியா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே கிருஷ்ணராசா. காலையிலிருந்து அவர் வெளியே வரவில்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. கீழே, முன்கதவுக் கண்ணாடியின் மங்கிய மதிய வெளிச்சத்தில், அவருடைய மனைவி கௌசி கம்பளிச் சட்டையின் கையை முறுக்கியபடி நிற்கிறாள். தனுஷியாவுக்குக் கால் விறைத்துவிட்டது. அசைந்தால், எழுந்து போகிறாள் என்று அவர் நினைத்துவிடுவார். “பொலிசையும் கூட்டிக்கொண்டு வந்தனீரோ?” என்கிறார் அவர். “இல்லை அண்ணை, நான் மட்டும்தான்.” “என்னைக் கொண்டுபோய் அடைக்கப் போறீங்கள்.” “இப்ப உங்களோடை கதைக்கத்தான் வந்தனான். அண்ணை, சாகோணும் எண்டு நினைக்கிறீங்களோ?” கௌசி வாயைப் பொத்திக்கொள்கிறாள். அந்தச் சொல்லை இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தண்ணீர்ச் சத்தம் நிற்கிறது. “ஓம்,” என்கிறது உள்ளிருந்து குரல். “இதை ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை.” “நான் கேக்கிறன், அண்ணை. நீங்கள் சொல்லி முடிக்கும்வரைக்கும் இஞ்சைதான் இருப்பன்.” தாழ்ப்பாள் விலகுகிறது. கதவு ஒரு சாண் திறக்கிறது. தனுஷியா எழும்பவில்லை. சுவரோரமாக நகர்ந்து, பக்கத்தில் அவருக்கும் இடம் விடுகிறாள்.