உப்பு பூத்த கதவு

கதவு தேய்க்க வீட்டம்மா கொடுத்த ஆசிட்டில் அம்மாவின் உள்ளங்கை வெந்துபோனதால், அன்று ஒருநாள் மட்டும் என்று அம்மாவுக்குப் பதிலாக பூங்கோதை அந்த வீட்டு வேலைக்கு வந்திருந்தாள். குளியலறைக் கண்ணாடிக் கதவு முழுக்க போர்வெல் தண்ணீரின் உப்பு பூத்திருந்தது. வினிகரில் நனைத்த துணியை அதில் ஒட்டிவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். வழித்து எடுத்தபோது கதவு இருப்பதே தெரியவில்லை.

"உங்கம்மா மூணு வருஷமா தேய்ச்சும் போகலையே, எப்படிடி?"

"ஊற வெச்சா தானா விட்டுடும் மேடம். கெமிஸ்ட்ரி படிச்சிருக்கேன்."

"பார்றா! அப்ப இனி உங்கம்மா வேணாம். நாளையிலிருந்து நீயே வந்துடு."

"நாளைக்கு எனக்கு இன்டர்வியூ மேடம்."

"அது கெடைக்கறப்ப பாத்துக்கலாம்."

வீட்டம்மா போனதும் பூங்கோதை ஷவரைத் திறந்து மூடினாள். கண்ணாடியெங்கும் சொட்டுகள் நின்றன. துடைக்காமல் காயவிட்டால் மறுபடி உப்பு பூக்கும்; தேய்க்க அம்மாவும் வேண்டியிருக்கும். துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, அவை காய்வதைப் பார்த்தபடி நின்றாள்.