பூமியில் நீக்கிலாஸ் அங்கிள் மட்டும்

செவ்வாய்க் கிரகத்தில் எனக்குத் தனியறை கொடுத்திருந்தார்கள்.

கிரகம் ஸ்காபரோவில், ஒரு வாடகை மண்டபத்துக்குள் இருந்தது. பலகையால் அடித்த கூடு. ஐந்து மாணவர்கள், ஐந்து அறைகள், ஒரே ஒரு இரவு. தேறுகிற மூன்று பேரைக் கோடை விடுமுறையில் வடதுருவத்துக்குப் பக்கத்தில், மரமோ புல்லோ இல்லாத ஒரு தீவுக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே உண்மையான குளிர், உண்மையான விஞ்ஞானிகள், பொய்யான செவ்வாய்.

அப்பா எங்கள் கட்டடத்தின் பதினான்கு மாடிக்கும் சொல்லிவிட்டார். தோற்றுப்போய் அந்த லிஃப்ரில் ஏற என்னால் முடியாது.

நெருக்கமான இடத்தில் பிறரோடு இருக்க முடியுமா என்று நேர்முகத்தில் மனநல டொக்டர் மிகுந்த கவலையோடு கேட்டிருந்தார். டோர்செட் பார்க்கில், இரண்டு அறை வீட்டில் நாங்கள் ஒன்பது பேர். எனக்கு ஒருபக்கம் தங்கச்சி சுபாங்கி, மறுபக்கம் மாமி. முடியும் என்றேன்.

தனியே படுக்க முடியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பதினாறு வயதில் அன்றுதான் முதல்முறை. கதவைச் சாத்திய பிறகு அறையில் என் மூச்சைத் தவிர வேறு மூச்சு இல்லை. ஒரு மணியளவில் எழும்பிக் கதவடியில் போய் நின்றேன். வெளியே வந்தால் தோல்வி. பூமியோடு பேசச் சுவரில் ஒரு இன்ரகொம் இருந்தது. ஆனால் யார் எதற்குப் பேசினாலும் பதிவேட்டில் எழுதுவார்கள். பயத்தில் பேசியவருக்குத் தீவு இல்லை.

பொத்தானை அமத்தினேன்.

விஞ்ஞானிகள் பதினொரு மணிக்கே வீட்டுக்குப் படுக்கப் போய்விட்டார்கள். போகும்போது பூமியையும் பதிவேட்டையும் மண்டபத்துச் செக்கியூரிட்டி நீக்கிலாஸ் அங்கிளிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

“அங்கிள், எனக்குப் பயமாக் கிடக்கு.”

செவ்வாய் அவ்வளவு தூரம் என்பதால், பூமி இருபது நிமிடம் கழித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அது விதி. அங்கிள் விதி தவறாத ஆள். முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தேன். இருபதாவது நிமிடம் பூமி பேசியது.

“சாப்பிட்டனியோ பிள்ளை?”

ஓம் என்றேன். இன்னொரு இருபது நிமிடம்.

“என்ன சாப்பிட்டனி?”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. பொத்தானில் விரலை வைத்தபடியே அழுதுவிட்டேன். இந்தமுறை பதில் உடனே வந்தது.

“உந்தச் செவ்வாயைத் தூக்கி அங்கால வை. நான் லைனைக் கட் பண்ண மாட்டன். நீ படு.”

தன் பொத்தானின் மேல் எதையோ பாரமாக வைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவருடைய குறட்டை என் அறை முழுக்க வந்தது. மாமியுடையதைவிடப் பெரியது. போர்வையை இழுத்துக்கொண்டு, விடியும்வரை அசையாமல் தூங்கினேன்.

காலையில் டொக்டர் பதிவேட்டைப் புரட்டினார். மற்ற நாலு பேரின் பெயருக்கும் நேரே ஏதாவது ஒரு முறைப்பாடு இருந்தது. எனக்கு மணிக்கொரு வரி, எல்லாம் ஒரே கையெழுத்தில்: “மூன்றாம் அறை. அமைதி. நல்ல நித்திரை.”

அங்கிள் சாப்பாட்டுப் பையோடு வந்து என் காதுக்குள் சொன்னார்.

“உன்ர பேருக்கு ஒரு கீறலும் விழாமல் எழுதியிருக்கிறன்.”

அழுகிற மாதிரி இருந்தது. நன்றி அங்கிள் என்றேன்.

டொக்டர் தொண்டையைச் செருமினார். தன்னுடைய இருபது வருட அனுபவத்தில், தனிமையை இவ்வளவு இயல்பாகத் தாங்கும் ஒருவரைப் பார்த்ததில்லையாம். தேறிய மற்ற இருவருக்கும் தீவில் ஒரே கூடாரம். எனக்கு மட்டும் இன்னொன்று, மலைக்கு அந்தப் பக்கம். பத்து நாள். ரேடியோ கிடையாது.

எல்லோரும் எழும்பிக் கைதட்டினார்கள். நீக்கிலாஸ் அங்கிள்தான் எல்லாரிலும் பலமாகத் தட்டினார்.