பன்னிரண்டரைக் கடிதம்

"எங்கட கடிதம் ஒண்டையும் வெளியில எடுக்கிறாங்கள் இல்லை, பிள்ளை. முந்தநாளில இருந்து எல்லாம் திரும்பி வருது" என்றார் பத்மாசனி.

விசுவமடுக் கச்சான் உற்பத்தியாளர் சங்கத்தின் செயலாளர் அவர். சங்கத்தின் மின்னஞ்சல் சேவரைப் பார்த்துக்கொள்ளும் தனுஷா, கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். முற்றம் முழுக்கக் கச்சான், அதாவது நிலக்கடலை, காய்ந்தது. அதன் மணமும் வெயிலும் சேர்ந்து அந்தச் சின்ன அறையைப் பாதி நித்திரையில் வைத்திருந்தன.

"எங்கட கச்சானை வாங்குற கொழும்புக் கொம்பனிக்கு இண்டைக்கு நாலு மணிக்குள்ள சங்கத்தின்ர விலாசத்தில இருந்து சம்மதக் கடிதம் போகவேணும். போகாட்டி வேற ஆக்களிட்ட எடுப்பினமாம். அறுபது பெண்டுகளின்ர கச்சான், பிள்ளை."

தனுஷா திரையைப் பார்த்தாள். "எங்களைத் தடைப்பட்டியலில போட்டிருக்கினம் அக்கா."

"பட்டியலோ? பட்டியல் எண்டாலே எங்களுக்குச் சரிவராது."

தனுஷாவுக்குச் சிரிப்பு வந்தது. "இது குப்பைக் கடிதம் அனுப்புற சேவருகளின்ர பட்டியல். ஒரு கடிதம் வந்தால், வாங்குற சேவர் முதலில அந்தப் பட்டியலைக் கேக்கும். அனுப்பின சேவரின்ர இலக்கம் அதில இருந்தால் படலையோடயே திருப்பி அனுப்பிவிடும். நாங்களும் அதைத்தான் பாவிக்கிறம். உங்களுக்கு லொத்தரில பரிசு விழுந்ததெண்டு வாற கடிதங்கள் இப்ப இல்லைத்தானே? அதாலதான்."

"அப்ப நாங்கள் ஆருக்குக் குப்பை அனுப்பினம்?"

"அதைத்தான் தேடப்போறன்."

அனுப்பிய கடிதங்களின் பதிவை அவள் வெகுநேரம் பார்த்தாள். ஒரு வரியில் விரல் நின்றது. பிறகு மெல்லச் சொன்னாள்.

"முந்தநாள் பன்னிரண்டு முப்பத்தொண்டுக்குப் பட்டியலில ஏறியிருக்கிறம். ஒவ்வொரு நாளும் மத்தியானம் பன்னிரண்டரைக்கு இங்க இருந்து ஒரே விலாசத்துக்கு ஒரு கடிதம் போகுது. ஒரு பதிலும் வந்ததில்லை."

பத்மாசனி கதிரையின் கைப்பிடியைத் தடவினார். "ஆர் அனுப்பினது எண்டு அதில இருக்குமோ?"

"இல்லை அக்கா. இங்க எல்லாரும் ஒரே கொம்பியூட்டரில இருந்து எழுதுறதால பேர் விழாது."

"அந்த விலாசத்தில ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. ஆரோ கைவிட்ட பெட்டி. அப்படியான பெட்டியளைப் பட்டியல்காரர் பொறியா வைப்பினம். ஆளில்லாத பெட்டிக்கு எழுதுறவன் குப்பை அனுப்புறவன்தான் எண்டு அவையின்ர நினைப்பு."

"ஆளில்லாட்டிக் கடிதம் திரும்பி வரவேணுமே?"

"முதல் கனகாலம் திரும்பித்தான் வரும். பிறகு சத்தமில்லாமல் வாங்கத் தொடங்கும். வாறதைக் கனநாள் எண்ணிப்போட்டுத்தான் பட்டியலில போடுவினம். அதுதான் பொறி."

வெளியே பெண்கள் கச்சானைக் கிளறும் சத்தம் தூரத்து மழை போலக் கேட்டது. பத்மாசனி அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிரஷாந்தினி எண்டு ஒரு பிள்ளை" என்றார் கடைசியில். "கச்சான் தரம் பிரிக்கிறவா. அவாதான் எழுதுறவா. பன்னிரண்டு வருசத்துக்கு முன்னம் படகில வெளிநாட்டுக்குப் போன தம்பிக்கு. எங்க போனாலும் இந்த விலாசத்தைப் பார்ப்பன், எழுதக்கா எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். ராத்திரிக் கண்ட கனவை மத்தியானம் அவனுக்கு எழுதுவா. குளம் நிறைஞ்சு வழியிற கனவு. அவன் அக்கரையில நிண்டு கை காட்டுற கனவு. எழுதினது எல்லாம் திரும்பி வரும். போன ஆடியில இருந்து வரேல்லை."

"அதால..."

"அதால அவன் வாசிக்கிறான் எண்டு நினைச்சிட்டா. இந்த ஒரு வருசமாத்தான் நல்லா நித்திரை கொண்டா, பிள்ளை."

தனுஷா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். பொறி வைத்தவர்கள் மேல் கோபம் வந்தது. அதை விளக்கிச் சொன்ன தன் வாயின் மேலும் வந்தது.

"பட்டியலில இருந்து எங்களை எடுக்கவேணுமெண்டால், இனி அந்த விலாசத்துக்கு எழுதமாட்டம் எண்டு உறுதி குடுக்கவேணும் அக்கா."

பத்மாசனி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டரை. அன்று கடிதம் எதுவும் போகவில்லை. பிறகு முற்றத்துப் பெண்களைப் பார்த்தார்.

"உறுதியைக் குடும்" என்றார்.

தனுஷா விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினாள். மூன்றரைக்குத் தடை நீங்கியது. சம்மதக் கடிதம் போய், கிடைத்தது என்று கொழும்பிலிருந்து பதிலும் வந்தது. பெண்கள் வாசலில் கூடிச் சிரித்தார்கள். பத்மாசனி மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே இருந்தார்.

புறப்படும்போது தனுஷா ஒரு துண்டுக் கடதாசியில் விலாசம் எழுதி அவரிடம் நீட்டினாள்.

"பிரஷாந்தினியிட்டக் குடுங்கோ. கனவை இனி இதுக்கு எழுதச் சொல்லுங்கோ. இது என்ர பெட்டி. தம்பி மாதிரிப் பதில் போட்டு ஏமாத்தமாட்டன். ஆனா ஒவ்வொண்டையும் வாசிப்பன்."

பத்மாசனி கடதாசியை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். "சொல்லுறன்" என்றார்.

மறுநாள் கிளிநொச்சியில் தனுஷா சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது கடிதம் வந்தது. நேரம் சரியாகப் பன்னிரண்டரை. அனுப்பியவர், செயலாளர் பத்மாசனி. தனுஷா ஆச்சரியப்படவில்லை. பேர் விழாது என்று சொன்னாளே தவிர, நேற்றுப் பதிவில் அவள் விரல் நின்றதே அந்தப் பெயரில்தான்.

கடிதத்தில் இரண்டே வரிகள்.

"பிள்ளை, எங்கட சங்கத்தில பிரஷாந்தினி எண்டு ஒருத்தரும் இல்லை. ராத்திரிக் கனவில தம்பி வரேல்லை, அக்கரையில நிண்டு கை காட்டினது நீர்தான்."