புதருக்குப் பின்னால் மூன்று

"அசையாதீங்க. மூணு கிழட்டுக் காட்டெருமை, அந்தப் புதருக்குப் பின்னால."

முகாமுக்கு முன்னால் ஆற்றின் கடைசித் திருப்பத்தை எட்டிப் பார்த்துவிட்டு வேகமாகத் திரும்பி வந்த வழிகாட்டி ஜேரே, கையைத் தூக்கிக்கொண்டே சொன்னான். ஹனக்கே கரையான் புற்றின் மறைவில் குந்தினாள். கூட்டத்தை விட்டு விலகிய கிழட்டு எருமை சிங்கத்தைவிட மோசம் என்று காலையிலேயே அவன் சொல்லியிருந்தான்.

இன்றைக்குத் தப்பு எதுவும் நடக்கக் கூடாது. ஹனக்கே ஐரோப்பாவிலிருந்து பயணிகளை அனுப்புகிறவள். ஐந்து நாளாக நடக்கிறாள். காலையில் ஒரு முகாமில் எழுந்து, நண்பகலில் அடுத்த முகாம். கூடாரங்கள் லாரியில் முன்னாலேயே போய்விடும். இந்த முகாம்காரர்களோடு தொழில் வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்று நாளை சொல்வாள். வேண்டாம் என்றால் லுவாங்வா ஆற்றங்கரையில் எட்டுக் குடும்பங்களுக்கு அடுத்த வருடம் வேலை இல்லை.

"காவலர் ஏன் துப்பாக்கியை எடுக்கல?" என்று கிசுகிசுத்தாள்.

முன்னால் நின்ற வனக்காவலர் முவாம்பாவின் தோளிலேயே துப்பாக்கி தொங்கியது.

"எடுத்தா சத்தம் வரும், மேடம்," என்றான் ஜேரே. " சத்தம் கேட்டா அது ஓடாது. நேரா நம்ம மேல வரும்."

வரிசையின் கடைசியில் தேநீர்க் கெட்டிலைச் சுமந்து வந்தவன் லாசரோ. ஜேரே அவன் காதில் ஏதோ சொன்னான். லாசரோ கெட்டிலை இறக்கிவைத்துவிட்டு ஆற்றுச் சரிவில் இறங்கி மறைந்தான்.

"அவர் கையில ஒண்ணுமே இல்லையே."

"சுத்திப் போய்ப் பாத்துட்டு வருவான். அதுவரைக்கும் மூச்சுவிடக் கூடாது நாம."

ஒரு மணி நேரம் போயிற்று. ஈ அவள் கழுத்தில் கடித்தது. விரட்டக்கூட அவள் கையைத் தூக்கவில்லை.

முவாம்பா திரும்பாமலே தங்கள் மொழியில் முணுமுணுத்தான். "இன்னும் எவ்வளவு நேரம்டா, எலி தின்னி?"

"வாயை மூடு, குரங்கு தின்னி. உன்னையேதான் பாக்குறா."

அவர்களுடைய இரண்டு இனங்களுக்கும் இடையே, மாமன் மச்சான் போல, இந்தக் கேலி வசவு வழக்கம்.

"என்ன சொல்றார்?" என்றாள் ஹனக்கே.

"பெருசு தலையைத் தூக்கிடுச்சாம்."

புதருக்குள் குச்சி முறிந்தது. அவள் ஜேரேயின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு காட்டுக்கோழி படபடத்துப் பறந்தது. ஜேரேயின் நெற்றியில் வேர்வை வழிந்தது. அவன் புதரைப் பார்க்கவில்லை. லாசரோ போன சரிவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவருக்கு ஏதாவது ஆயிருந்தா?"

ஜேரே உதட்டில் விரலை வைத்தான்.

கடைசியில் சரிவில் ஒரு தலை தெரிந்தது. லாசரோதான். முழங்கை வரை மணல், சட்டை கிழிந்திருந்தது, மூச்சு வாங்கியது. ஹனக்கேவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவன் ஜேரேயின் அருகில் குந்தி, தங்கள் மொழியில் மெதுவாகச் சொன்னான்.

"லாரியை மணல்லேருந்து தள்ளி எடுத்தாச்சு, கூடாரமும் கட்டியாச்சு. எருமையைப் போகச் சொல்லுங்கண்ணே."