விளக்கு நின்ற இடம்

துறைமுகத்தின் பழைய கலங்கரை விளக்கைச் சரிந்துவிடும் என்று சொல்லிப் போன மாதம் தரைமட்டமாக்கினார்கள். அதிலிருந்து பிலோமிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் புருஷன் மூழ்கிய இடத்துக்கு வேறு அடையாளம் கிடையாது. அவன் உடலும் கரை சேரவில்லை. மாதா கோயில் கோபுரத்தை விளக்கு மறைக்கிற நேர்கோட்டில் படகை விட்டால், நீருக்கடியில் அந்த இடத்துப் பாறை தட்டுப்படும். வருஷந்தோறும் அவன் நினைவுநாளில் அவளே போய் அங்கே மாலை போடுவாள்.

இந்த வருஷம் மாலை கொழுந்தன் கஸ்பாரிடம் போயிற்று. புருஷன் எடுத்துக்கொடுத்துப் பெட்டியிலேயே கிடந்த சிவப்புச் சேலையை மூங்கிலில் கட்டிக்கொண்டு, விளக்குக்குப் பதிலாக அவள் செங்கல் குவியலின்மேல் ஏறி நின்றாள்.

“ஆடாம நில்லுங்க மைனி. இங்க நீங்க ஓரடி நகந்தா, அங்க அண்ணன் எங்கயோ போயிருவான்” என்று சொல்லிவிட்டுத்தான் அவன் படகைத் தள்ளினான்.

படகு சிறுத்துக்கொண்டே போய் நின்றது. பிலோமி காலடியைப் பார்த்தாள். விளக்கு நின்றது இங்கேதானா? அதன் வாசற்படி இன்னும் தெற்கே அல்லவா இருந்தது? எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே செங்கல். மனசு கேட்காமல் தெற்கே ஓரடி வைத்தாள். தூரத்தில் படகும் தெற்கே நகர்ந்தது. பயந்துபோய் வடக்கே வந்தாள். படகும் வடக்கே வந்தது.

வெயில் ஏறிவிட்டது. மாலை இன்னும் கஸ்பார் கையில்தான் இருக்கும். பிலோமி மறுபடியும் ஒரு காலைத் தூக்கினாள். எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியவில்லை.