பின்னோக்கி நடந்தவன்

ஆர்வோ நடிக்கிறான் என்பதில் ஐலீனுக்குத் துளியும் சந்தேகமில்லை.

கனடாவின் தண்டர் பே ஊரில், ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவர்கள் இருவரும். போன வசந்தத்தில் திடீரென்று அவன் வலது கால் உள்பக்கமாக முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தது. பாதம் தரையில் இழுபடும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

எல்லா ஸ்கேனும் எடுத்தாயிற்று. ஒன்றும் தெரியவில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். வின்னிபெக்கில் இருக்கும் நரம்பு டாக்டரைப் பார்க்க ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டுமாம்.

அதுவரைக்கும் அவனுக்கு உட்கார்ந்து லேபிள் ஒட்டும் வேலை. ரொட்டித் தட்டுகளைத் தூக்கும் வேலை ஐலீன் தலையில் விழுந்தது. ஐம்பத்து மூன்று வயது. சாயங்காலமானால் தலை சீவக்கூடக் கை எழும்பவில்லை.

அவள் அவனைக் கவனிக்கத் தொடங்கினாள். காலையில் நன்றாக நடக்கிறான், மத்தியானம் இழுக்கிறான். சமதரையில் தடுமாறுகிறவன், படிக்கட்டில் சரசரவென்று ஏறுகிறான்.

"இன்னிக்கு எந்தக் காலு, ஆர்வோ?" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

அவன் கோபப்படவில்லை. "அதே கால்தான். சில நாள் எனக்கே சந்தேகமா இருக்கு ஐலீன், நான்தான் இதைப் பண்றேனோன்னு."

அவன் வாயாலேயே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உறைந்த ஏரியின் கரையில் காரை நிறுத்தி காபி குடித்துக்கொண்டிருந்தாள். பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் நடுவில் ஆர்வோ. கிளம்பும்போது, சாமான் ஏற்றிய சறுக்குவண்டியின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, பின்னோக்கி நடந்தபடியே இழுத்து வந்தான். தடுமாற்றம் இல்லை, ஒன்றும் இல்லை. விடுவிடுவென்று நடை.

ஐலீன் போனை எடுத்து வீடியோ பிடித்தாள்.

கரைக்கு வந்து இந்தப் பக்கம் திரும்பி நாலு அடி வைத்தான். கால் பழையபடி முறுக்கிக்கொண்டது. அதுவும் வீடியோவில் விழுந்தது. ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டான், உடனே நாடகம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை காலையிலேயே அதை மேலாளர் க்ளென் முன்னால் வைத்தாள். அவர் இரண்டு தடவை பார்த்தார். தன் போனுக்கு அனுப்பச் சொன்னார்.

"அவன்கிட்ட இதைக் காட்டித்தான் ஆகணும். யார் எடுத்ததுன்னு கேப்பானே?"

"என் பேரை மட்டும் சொல்லாதீங்க. தினமும் அவன் முகத்துல முழிக்கணும்."

அவர் தலையாட்டினார்.

அதோடு சரி. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. ஆர்வோ அதே நாற்காலியில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். க்ளென்னும் அவனும் ஒரே ஹாக்கி குழுவில் விளையாடியவர்கள். ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்று ஐலீன் உள்ளுக்குள் வெந்தாள்.

மார்ச்சில் அவன் இரண்டு நாள் லீவு போட்டான். அடுத்த வாரம், இடைவேளையில், சாப்பாட்டு அறைக்கு வந்து நேரே அவள் எதிரில் உட்கார்ந்தான். விஷயம் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. பார்த்ததைத்தான் காட்டினேன், எனக்கும் தோள்பட்டை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள்.

அவன் முந்திக்கொண்டான்.

"வின்னிபெக் போயிட்டு வந்தேன். அந்த டாக்டரம்மா நடந்து காட்டச் சொன்னாங்க. அன்னிக்குன்னு பார்த்து கால் ஒழுங்கா போச்சு. அவங்க முகத்துல நம்பிக்கையே இல்லை. அப்பதான் க்ளென் குடுத்த அந்த வீடியோவைக் காட்டினேன். நிமிர்ந்து உக்காந்துட்டாங்க."

ஐலீன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"முன்னால நடந்தா முறுக்குது, பின்னால நடந்தா நேராகுது. எனக்கே அது தெரியாது. டிஸ்டோனியான்னு ஒரு வியாதியாம். மூளை காலுக்குத் தப்பா ஆணை அனுப்புதாம். அந்த வீடியோ இல்லேன்னா, மனசுலதான் கோளாறுன்னு எழுதி அனுப்பியிருப்பேன்னு அவங்களே சொன்னாங்க. மாத்திரை ஆரம்பிச்சு ஆறு நாளாச்சு."

வாசலிலிருந்து மேஜை வரைக்கும் அவன் எதையும் பிடிக்காமல் வந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"யார் எடுத்ததுன்னு க்ளென் முதல்ல சொல்லவே இல்லை. நான்தான் விடாம கேட்டு வாங்கினேன்," என்றான் ஆர்வோ.

அவள் தலை தாழ்ந்தது.

அவன் மேஜைமேல் அவள் பக்கம் சாய்ந்தான். "டாக்டர்கிட்ட காட்ட உதவும்னு, எனக்காக அந்தக் குளிர்ல நின்னு எடுத்திருக்கே. இவ்வளவும் செஞ்சுட்டு, என் பேரை மட்டும் சொல்லாதீங்கன்னு வேற சொன்னியாமே, ஐலீன்!"